கடைமடையில் நின்று வரைவது: காவிரிப் படுகையின் மாறும் நிலம் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முத்துப்பேட்டைக்கு வடக்கே, பாமணியாற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடை ஊர்களில் ஒன்றில் இருந்துகொண்டு பல ஆண்டுகளாக வரைந்துவருகிறேன். மேட்டூர் அணை திறக்கும் செய்தி வந்தால் போதும், கவின் கலைக் கல்லூரி மாணவர்கள், புகைப்படக்காரர்கள், பள்ளி ஓவிய ஆசிரியர்கள் என்று பலரும் இங்கே வரத் தொடங்குவார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு என்னால் முடிந்த பதில்களை இங்கே எழுதுகிறேன்.

டெல்டா என்றால் பச்சை வயல்தானே? அதில் என்ன மாறிவிட்டது?

பஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சைதான். மே மாதக் கடைசியில் இறங்கி வரப்பில் நடந்து பாருங்கள். பழுப்பு நிலத்தின் நடுவே அங்கங்கே கட்டம் கட்டமாகப் பச்சை தெரியும். அந்தக் கட்டங்கள் ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்களின் குறுவை, அதாவது குறுகிய கால நெல். மற்றவர்களின் நிலம் ஆற்றுத் தண்ணீருக்காகக் காத்துக் கிடக்கிறது. கடலை நெருங்க நெருங்கப் பச்சைக் கட்டங்கள் குறைந்துகொண்டே வரும். அங்கே நிலத்தடி நீர் உப்பாகிவிட்டது. கிணறு தோண்டினாலும் பயனில்லை. யாரிடம் என்ன இருக்கிறது, பூமிக்கு அடியில் என்ன நடந்திருக்கிறது என்பதை அந்த நிறத் திட்டுகளே சொல்லிவிடும்.

மன்னார்குடியிலிருந்து தெற்கே வர வர மற்றவையும் கண்ணில் படும். வண்ணம் பூசிய எல்லைக் கற்கள் நட்ட மனைப் பிரிவுகள், கரை முழுக்கச் சீமைக் கருவேலம், வாய்க்காலை மூடிக் கிடக்கும் வெங்காயத்தாமரை, கடலோரத்தில் இறால் குட்டைகள். திருவாரூர்ப் பக்கம் போனால் நெல் வயலுக்கு நடுவில் கம்பி வேலி போட்ட எரிவாயுக் கிணறுகள். பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்புகளில் இளங்கன்றுகள் ஒரே உயரத்தில் நிற்பதைக் கவனியுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யத்துக்கு அருகே கரையேறிய கஜா புயல், முப்பது நாற்பது ஆண்டு மரங்களை ஒரே இரவில் சாய்த்தது. அந்தக் கன்றுகள் அதற்குப் பிறகு வைத்தவை.

மனிதர் கை படாத இடம் இங்கே எங்கே இருக்கிறது? அதைத்தான் வரைய ஆசைப்படுகிறேன்.

இல்லை. இதை நான் அழுத்தமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இங்கே வரும் பலரும் இந்த ஒரு நினைப்பால்தான் தடம் மாறிப் போகிறார்கள். இயற்கையாக இருந்த சொர்க்கத்தை மனிதன் வந்து கெடுத்தான் என்ற கதை இந்த மண்ணுக்குப் பொருந்தாது. காவிரிப் படுகை கையால் செய்த பொருள். வரப்பு கை, வாய்க்கால் கை, ஏரிக் கரை கை, ஊருக்கு ஊர் இருக்கும் கோயில் குளமும் கை.

கரிகாலன் கட்டியதாகச் சொல்லப்படும் கல்லணையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆற்று மணலில் பெரிய கற்களைப் போட்டு, அவை தாமாக அமிழ்ந்து நிலைகொள்ள விட்டு, மேலே மேலே அடுக்கிய கட்டுமானம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே வந்த பொறியாளர் ஆர்தர் காட்டன், மணற்படுகையில் அடித்தளம் போடும் வழியை இதைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டார். அவர் காலத்தில் கொள்ளிடத்தின் படுகை ஆழமாகி, காவிரியின் வாய் மணல் மேடிட்டு, தண்ணீரெல்லாம் கொள்ளிடம் வழியே கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதைத் திருப்புவதற்காக 1836இல் முக்கொம்பில் மேலணை கட்டினார்கள். கட்டாமல் விட்டிருந்தால் தஞ்சாவூரின் வயல்கள் வறண்டிருக்கும். 1934இல் மேட்டூர் வந்தது. வெள்ளம் அடங்கியது, கல்லணைக் கால்வாய் வழியாகப் புதிய நிலங்களுக்குத் தண்ணீர் போயிற்று, அணை திறக்கும் நாளாக ஜூன் 12 என்ற தேதி டெல்டாவின் பஞ்சாங்கத்தில் ஏறியது. வெள்ளம் கொண்டுவந்த வண்டலும் அணைக்குள்ளேயே தங்கத் தொடங்கியது.

ஆகவே, மனிதன் நிலத்தை மாற்றலாமா கூடாதா என்று இங்கே நின்றுகொண்டு கேட்பதில் பொருளில்லை. எந்தக் கை மாற்றியது, யாருக்காக மாற்றியது, அதன் விளைவு யார் வாசலில் கடைசியாக வந்து நின்றது என்பவைதான் கேட்க வேண்டியவை. ஒரு படம் இந்தக் கேள்விகளில் ஒன்றையாவது சுமந்தால் போதும்.

எங்கிருந்து தொடங்குவது? ஆறு முழுவதும் பயணம் செய்ய வேண்டுமா?

பயணம் பின்னால் இருக்கட்டும். முதலில் ஒரே ஓர் இடம். அதுவும் முடிந்தால் கடைமடையில். தண்ணீர் முதலில் வந்து சேரும் தலைமடையில் அது வருவது செய்தி ஆகாது. கடைமடையில் தண்ணீர் வருவதும் வராததும் ஊர்ப்பேச்சு. மேலே நூறு மைலுக்கு நடக்கும் எல்லாமே, மாநிலங்களுக்கு இடையிலான வழக்கு உட்பட, இங்கே ஒரு மதகில் எத்தனை அங்குலம் தண்ணீர் நிற்கிறது என்பதாகச் சுருங்கி வந்து சேர்கிறது. 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தமிழகத்துக்கு ஆண்டுக்கு 177.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) என்று தீர்ப்பளித்தபோது, எங்கள் ஊர்க்காரர்கள் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு வாய்க்காலைத்தான் பார்த்தார்கள்.

நான் தேர்ந்தெடுத்தது வீட்டிலிருந்து பத்து நிமிட நடையில் உள்ள ஒரு சிறிய ஷட்டர். இரும்புப் பலகை, அதைத் தூக்கும் திருகுத் தண்டு, இரண்டு பக்கமும் செங்கல் சுவர், சுவரில் வெள்ளை அடித்து எழுதிய அளவுக் கோடுகள். மாதம் ஒரு முறை, அதே கல்லில் உட்கார்ந்து, அதே அளவுக் காகிதத்தில் வரைகிறேன். ஏப்ரலில் திருகுத் தண்டில் சிலந்திவலை. ஜூன் கடைசியில் வேலையாள் ஒருவர் கிரீஸ் தடவிய கறுப்புத் தடம். தண்ணீர் வந்த முதல் நாள் அது தண்ணீராகவே இருக்காது; நுரை, சருகு, பிளாஸ்டிக் பை, செத்த பாம்பு எல்லாம் உருண்டு வரும் பழுப்புக் குழம்பு. நவம்பரில் அளவுக் கோடுகள் மூழ்கியிருக்கும். ஜனவரியில் சம்பா முற்றிய வயலின் மஞ்சள் சுவர்மேல் விழும். பன்னிரண்டு படங்களையும் வரிசையாக வைத்தால், நான் திட்டமிடாத ஒரு கதை அதில் இருக்கிறது. அளவுக் கோடுகளுக்கு ஆண்டு முழுக்க யாரும் மறுபடி வெள்ளை அடிக்கவில்லை என்பதும் அந்தக் கதையில் ஒன்று.

பயணம் போவதானால் எங்கெல்லாம் போகலாம்?

முக்கொம்பு, கல்லணை, நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாறு மூன்றாகப் பிரியும் மூணாறு தலைப்பு, அணைக்கரை ஆகியவை ஆறு பிரியும் இடங்கள். பூம்புகாரைத் தவறவிடாதீர்கள். குடகில் பிறந்து இவ்வளவு தூரம் வந்த காவிரி, கடலைத் தொடும்போது ஒரு வாய்க்கால் அகலத்தில் இருப்பதைப் பார்த்தால் எவருக்கும் பேச்சு வராது. தரங்கம்பாடியில் மாசிலாமணிநாதர் கோயிலின் முன்பகுதியைக் கடல் தின்றுவிட்டது. அலை மோதும் தூரத்தில் உட்கார்ந்து வரையலாம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் போக வனத்துறையின் அனுமதி வேண்டும். வேதாரண்யம் உப்பளங்களுக்குப் போவதானால் மார்ச்சுக்குப் பிறகு போங்கள். பாத்தி பாத்தியாக வெள்ளை, இளஞ்சிவப்பு, சாம்பல் என்று நிறம் மாறும். கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடி எடுத்துப் போங்கள். அங்கே வேலை செய்பவர்களுக்கு அது இல்லை என்பதையும் பார்ப்பீர்கள்.

கொள்ளிடத்தில் மணல் அள்ளிய இடங்களைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். தனியாகப் போக வேண்டாம். 2018 ஆகஸ்டில் திருச்சியில் கொள்ளிடத்தின் பழைய இரும்புப் பாலத்தின் தூண்கள் சரிந்தன, அடுத்த சில நாட்களில் முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. படுகையிலிருந்து மணல் போனால் ஆறு தன் கணக்கை எங்கே தீர்க்கும் என்று அந்த மாதம் முழுக்கத் திருச்சியில் பேசிக்கொண்டார்கள்.

மண்ணையே வண்ணமாகப் பயன்படுத்துகிறீர்களாமே, எப்படி?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், செய்து பார்ப்பவர்களுக்கு உதவும்.

கோடையில் வாய்க்கால் காய்ந்ததும் அடிமண் பொருக்கு பொருக்காக வெடித்து, ஓரம் சுருண்டு, அப்பளம் போல நிற்கும். அந்தப் பொருக்கில் மேல்பக்கம் மட்டும் மிக நைசான வண்டல். நாலைந்து பொருக்கு போதும். அதற்கு மேல் எடுக்காதீர்கள். ஒரு பாத்திரத்தில் இரவு முழுக்க ஊறவிட்டு, காலையில் கலக்கி, ஒன்றிலிருந்து முப்பது வரை எண்ணுங்கள். மணல் அடியில் தங்கிவிடும். மேலே நிற்கும் கலங்கல் நீரைப் பழைய வேட்டித் துணியில் வடித்து, இரண்டு நாள் அசையாமல் வையுங்கள். தெளிந்த நீரை இறுத்துவிட்டு, அடியில் படிந்ததை நிழலில் உலர்த்துங்கள். கருவேலம் பிசினை வெந்நீரில் கரைத்து, ஒரு சொட்டுத் தேனும் ஒரு சொட்டுக் கிராம்பு எண்ணெயும் விட்டு, உலர்ந்த வண்டலை அதில் குழைத்துக் கல்லில் அரையுங்கள். தேன் இருந்தால் வண்ணம் வெடிக்காது, கிராம்பு எண்ணெய் பூஞ்சணத்தைத் தடுக்கும்.

டெல்டா ஒரே நிறம் என்று நினைத்தவர்கள் இதைச் செய்து பார்த்ததும் நம்ப மாட்டார்கள். வல்லத்தில் எடுத்தால் செம்மண், கையில் ஒட்டிய சிவப்பு இரண்டு நாள் போகாது. குடமுருட்டிக் கரையில் பால் குறைந்த காப்பியின் நிறம். கொள்ளிடத்து மண்ணில் காக்காய்ப்பொன் துகள்கள் கலந்திருப்பதால், காகிதத்தைச் சாய்த்தால் மினுக்கும். எங்கள் பக்கத்துக் களிமண் கருஞ்சாம்பல். முத்துப்பேட்டைச் சேறு அதைவிடக் கறுப்பு. காய்ந்த பிறகு மூன்றாம் நாள் காகிதத்தின்மேல் வெள்ளையாக உப்புப் பூக்கும். முதலில் அந்த உப்பைப் போக்க ஐந்தாறு முறை கழுவி எடுத்தேன். இப்போது கழுவுவதில்லை. கடல் எவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது என்பதை அந்த உப்பே படத்தில் எழுதிவிடுகிறது. கடலிலிருந்து உள்ளே வர வர ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஒரு பிடி மண் எடுத்துப் பட்டையாகப் பூசி, எந்தப் பட்டையில் உப்புப் பூக்கிறது என்று பார்ப்பதே ஒரு படைப்பு. ஒரு பள்ளி மாணவர்களோடு அதைச் செய்தபோது, அவர்கள் எதிர்பார்த்ததைவிடக் கடலிலிருந்து தள்ளியே வெள்ளை பூத்தது. வகுப்பே அமைதியாகிவிட்டது.

சுவாமிமலை சிலை, நாச்சியார்கோயில் குத்துவிளக்கு இவையெல்லாம் பழைய கைவினை. இவற்றுக்கும் நிலத்துக்கும் என்ன தொடர்பு?

உயிர்த் தொடர்பு. சுவாமிமலையில் மெழுகில் உருவம் செய்தபின் அதன்மேல் பூசும் முதல் பூச்சு காவிரி வண்டல். அது மாவுபோல் நைசாக இருந்தால்தான் நகக்கீறல் அளவு நகை வேலைப்பாடும் அச்சில் பதியும். அதன்மேல் சற்றுக் கரடான மண், அதற்குமேல் களிமண்ணும் மணலும், பிறகு கம்பிக் கட்டு. சூடாக்கி மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பார்கள். அச்சை உடைத்தால்தான் சிலை வெளியே வரும், ஆகவே ஒரே அச்சில் இரண்டாவது சிலை கிடையாது. நாச்சியார்கோயில் விளக்கு வார்ப்பும் ஆற்று வண்டலை நம்பியதே. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையின் கனமான அடிப்பாகமும் முன்பு களிமண்தான்.

வெள்ளம் வந்து வடிந்து விட்டுப்போன எக்கல் என்ற வண்டல் படிவுதான் இந்தக் கலைகளின் மூலப்பொருள். ஆற்றில் வெள்ளம் குறைந்தால், வண்டல் மேலே அணையில் தங்கினால், மணலோடு சேர்த்து அதையும் அள்ளிவிட்டால், ஆயிரம் ஆண்டுப் பழக்கம் கொண்ட விரல்களுக்குப் பூசுவதற்கு என்ன இருக்கும்? மாறும் நிலத்தைப் பற்றிக் கலை செய்ய விரும்புகிறவர்கள் ஒரு நாளாவது வார்ப்புப் பட்டறையில் உட்கார்ந்து, அந்த மண்ணை எங்கிருந்து கொண்டுவருகிறீர்கள், உங்கள் அப்பா எங்கிருந்து கொண்டுவந்தார் என்று கேளுங்கள். அந்த இரண்டு பதில்களுக்கும் இடையிலுள்ள தூரத்தை வரையுங்கள்.

பழைய நிலக்காட்சியோடு ஒப்பிட ஏதாவது கிடைக்குமா?

கிடைக்கும். தாமஸ் டேனியல், வில்லியம் டேனியல் இருவரும் 1792இல் தெற்கே வந்து தஞ்சைப் பெரிய கோயிலையும் திருச்சி மலைக்கோட்டையையும் வரைந்தார்கள். 1858இல் லின்னேயஸ் டிரைப் தஞ்சாவூரையும் திருவையாற்றையும் புகைப்படமெடுத்தார். டேனியல்கள் மரத்தையும் மேகத்தையும் அழகுக்காக நகர்த்தக்கூடியவர்கள். டிரைப்பின் படத்தை நம்பி அதே இடத்தில் போய் நிற்கலாம். அப்படி நின்று அதே கோணத்தில் இன்று ஒரு படம் எடுப்பது மிக எளிய, மிக வலுவான முறை. 1972இலிருந்து லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்கள் இருக்கின்றன, இலவசமாகவே பார்க்கலாம். இறால் குட்டைகள் கடலோரத்தில் எப்படிப் பெருகின என்பதை ஆண்டு ஆண்டாக அதில் காணலாம்.

ஆனால் உங்கள் ஊர்ப் புலப்படத்தை, அதாவது நில அளவை வரைபடத்தை, மறக்காதீர்கள். அதில் வாய்க்கால் என்று கோடு போட்டிருக்கும் இடத்தில் இன்று என்ன இருக்கிறது என்று நடந்து போய்ப் பார்ப்பது, எந்த ஓவியப் பயிற்சியையும்விட அதிகம் கற்றுத் தரும்.

அழிவை அழகாக வரைவது தவறா?

எனக்கு நீண்ட நாள் உறுத்திய கேள்வி இது. மேலேயிருந்து எடுத்த இறால் குட்டைகளின் படம் பட்டுச் சேலைக் கட்டம் போல அழகாகத்தான் இருக்கிறது. அந்தக் குட்டைகளை எதிர்த்துக் காந்தியத் தம்பதியான கிருஷ்ணம்மாளும் ஜெகந்நாதனும் கடலோர மக்களோடு ஆண்டுக்கணக்கில் போராடினார்கள். 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. இதைத் தெரியாமல் அழகை மட்டும் பார்த்துவிட்டுப் போகும்படி படம் அமைந்தால், அது அரைப் படம். அழகை மறைக்க வேண்டியதில்லை. பார்ப்பவரை நிறுத்தி வைப்பது அதுதான். நின்றவர் கண்ணில் பக்கத்து வயலின் கருகிய நாற்றும், கேணியில் தண்ணீர் எடுக்க முடியாத பெண்ணும் பட வேண்டும்.

சுனாமி விஷயத்தில் மட்டும் எனக்கு ஓர் எல்லை உண்டு. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இறந்தவர்களின் முகத்தை நான் வரைய மாட்டேன். கரையையும், பின்னால் கட்டிய வீடுகளையும் வரைவேன்.

வயலில் வேலை செய்பவர்களை வரையலாமா?

கேட்டுவிட்டு வரையுங்கள். யார் நிலத்தில் யார் வேலை செய்கிறார்கள் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கூலி கூடுதலாகக் கேட்ட விவசாயத் தொழிலாளர்களின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் உயிரோடு எரிக்கப்பட்டார்கள். இந்த வயல்களின் பசுமையை வரையும்போது அதை மறந்துவிட்டு எனக்கு ஒரு கோடும் ஓடாது.

ஒரு முறை நடவு நடும் பெண்களை வரைந்து, அவர்களிடமே காட்டினேன். வயதான ஓர் அம்மா உற்றுப் பார்த்துவிட்டு, "நட்ட நாற்றை மிதித்துக்கொண்டு போகிறோமே, தம்பி" என்றார். நடுபவர்கள் பின்பக்கமாக நகர்ந்துகொண்டே நடுவார்கள். நட்டது கண் முன்னால் இருக்கும், நடாதது முதுகுக்குப் பின்னால். நான் அவர்களை முன்னே நடக்கவிட்டிருந்தேன். நாற்றுமுடியை இடது கையில் எப்படிப் பிடிப்பது, கட்டை விரலால் எப்படிப் பிரித்து ஊன்றுவது என்று என் கையைப் பிடித்துக் காட்டினார். அன்று முதல் வேலை செய்பவரிடம் காட்டாமல் எந்தப் படத்தையும் முடிந்ததாக வைப்பதில்லை. அவர்களின் நேரத்தை எடுத்தால் அதற்குக் கூலி கொடுக்கிறேன், படத்தின் ஒரு பிரதியும் கொடுக்கிறேன்.

அரசியல் இல்லாமல் இதைச் செய்ய முடியாதா?

மண்ணைத் தொட்டால் அது வந்துவிடும். மீத்தேன் திட்டத்துக்கு எதிராக ஊர் ஊராகப் பேசிவந்த இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார், 2013 டிசம்பர் 30 அன்று பட்டுக்கோட்டைக்கு அருகே அத்திவெட்டியில் காலமானார். 2017இல் எரிவாயு, எண்ணெய் எடுப்பதை எதிர்த்து நெடுவாசல், கதிராமங்கலம் என்ற ஊர்கள் எழுந்தன. 2020இல் டெல்டா பாதுகாக்கப்பட்ட சிறப்பு வேளாண் மண்டலமாகச் சட்டமாக்கப்பட்டது. ஏற்கெனவே இயங்கிவந்த எரிவாயு, எண்ணெய்க் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. நீங்கள் பதாகை வரைய வேண்டியதில்லை. வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பதை உண்மையாக வரைந்தால் போதுமானது.

வயலிலேயே பெரிய அளவில் ஏதாவது செய்யலாமா?

செய்யலாம். ஆக்னஸ் டெனஸ் 1982இல் நியூயார்க்கின் மன்ஹாட்டனில், குப்பையும் மண்ணும் கொட்டி நிரப்பிய நிலத்தில் இரண்டு ஏக்கர் கோதுமை விதைத்து அறுவடை செய்தார். ஜப்பானின் இனகடாதே கிராமத்தில் 1993 முதல் பல நிற நெல் வகைகளை நட்டு வயலையே ஓவியமாக்குகிறார்கள். நம்மிடம் நெல் ஜெயராமன் தேடித் தேடிச் சேர்த்த பாரம்பரிய ரகங்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் உயரம் வேறு, கதிரின் நிறம் வேறு. ஒரு விவசாயியைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டு, விளைச்சலுக்குப் பொறுப்பும் ஏற்றுக்கொண்டால் அருமையாகச் செய்யலாம். வாய்க்காலுக்குள் மட்டும் எதையும் நடாதீர்கள். நீங்கள் வைத்த மூங்கிலில் வெங்காயத்தாமரை வந்து தேங்கினால் கீழே உள்ளவர்களுக்குத் தண்ணீர் போகாது.

ட்ரோன் பறக்க விடலாமா?

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது, சுற்று வட்டாரத்தில் தடை உண்டு. மற்ற இடங்களில் 2021ஆம் ஆண்டு விதிகளைப் பார்த்து, உரிய அனுமதியோடு பறக்க விடுங்கள். அறுவடை நாளில் வயலுக்கு மேல் வேண்டாம்.

வரைந்ததை எங்கே காட்டுவது?

சென்னையில் காட்டுங்கள், நல்லது. அதற்கு முன் வரைந்த ஊரில் காட்டுங்கள். ஷட்டரின் பன்னிரண்டு படங்களையும் எங்கள் ஊர்ப் பள்ளித் தாழ்வாரத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டேன். மதியம் ஓய்வுபெற்ற லஸ்கர், அதாவது மதகைத் திறந்து மூடும் பணியாளர், ஒருவர் வந்தார். இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்தத் திருகைச் சுற்றியவர். நவம்பர்ப் படத்தின் முன் வெகுநேரம் நின்றார். பிறகு பென்சில் கேட்டு, நான் வரைந்த சுவரின் பக்கத்தில் ஒரு கோடு போட்டு, "77 புயலில் தண்ணீர் இங்கே நின்றது" என்றார். அவர் பின்னால் நின்ற ஒருவர் 2005 வெள்ளத்துக்கு வேறொரு கோடு போட்டார். ஒரு பெண், தான் கல்யாணமாகி வந்த ஆண்டில் தண்ணீரே வரவில்லை என்று அடியில் ஒரு கோடு போடச் சொன்னார். மாலைக்குள் படத்தின் ஓரம் முழுக்கக் கோடுகளும் ஆண்டுகளும். எழுத இடமில்லாமல் சிலர் காகிதத்தின் பின்பக்கத்தில் எழுதினார்கள். இந்த ஜூனிலிருந்து காகிதத்தின் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடம் விட்டு வரைகிறேன்.